மூன்றாவது பெடல்

என் சாப்பாட்டுப் பைக்குள் அப்பா ஒரு கண்ணாடிப் பாட்டிலை வைத்தார். உள்ளே காரின் கியர்பாக்ஸிலிருந்து எடுத்த எண்ணெய், இருநூறு மில்லி.

"உங்க லேபுல போட்டுப் பாரு. காஜா பாய் இன்னா வேணா சொல்லுவான். எண்ணெ பொய் சொல்லாது."

அப்பா துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவர். அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரேனின் எண்ணெயைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். எண்ணெயில் இரும்புப் பொடி எவ்வளவு என்று ஒரு தாளில் எண் வரும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் கிரேனைப் பிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். எஞ்சினியர் சொன்னால்கூட நம்பாத அப்பா அந்தத் தாளை நம்புவார்.

நான் வேதியியல் முடித்துவிட்டு மணலியில் டிரான்ஸ்பார்மர் எண்ணெய் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் நான்கு வருடமாக வேலை பார்த்தேன். அதனால் பாட்டில் என்னிடம் வந்தது.

காரின் கோளாறு இரண்டு வாரமாக இருந்தது. லீவரைத் தள்ளினால் கார் உடனே நகராது. இன்ஜின் மட்டும் கத்தும். ஒரு நொடி கழித்து ஒரு குதி குதித்துக் கிளம்பும். திருவொற்றியூர் மெக்கானிக் காஜா மொய்தீன் இரண்டு வழி சொன்னார். எண்ணெயில் இரும்புப் பொடி இல்லையென்றால், பழைய எண்ணெயை வடித்துவிட்டு ஃபில்டரை மாற்றினால் போதும். பொடி இருந்தால் உள்ளே தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். ஆட்டோமேட்டிக் பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்கிற செலவுக்கு அந்தப் பழைய கார் பெறாது. அதைக் கழற்றி எடுத்துவிட்டு, உடைத்த வண்டி ஒன்றிலிருந்து சாதாரண கியர்பாக்ஸ் கொண்டுவந்து மாட்டி, கிளட்ச் பெடலும் வைத்துத் தருவார்.

கிளட்ச் இடது காலுக்கான பெடல். அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது பக்கம் வாதம் அடித்தது. கை திரும்பி வந்தது. கால் பாதிதான் வந்தது. அதன் பிறகுதான் இடது காலுக்கு வேலையே இல்லாத இந்தக் காரைத் தேடி வாங்கினார். காலையில் எர்ணாவூரிலிருந்து என்னை மணலிக்குக் கொண்டுவந்து விடுவார். மாலையில் நான்கு மணிக்கே வந்து, ஐந்தரை வரை கேட்டுக்கு எதிரே டேங்கர் லாரிகளுக்கு நடுவில் நிற்பார். நான் யாரோடு பேசிக்கொண்டு வெளியே வருகிறேன் என்பதை வாட்ச்மேனிடம் கேட்பார். என் எதிரிலேயே கேட்பார்.

ஒருநாள் என்னோடு வேலை பார்க்கும் ரூஹியும் நானும் தெருமுனைக் கடையில் டீ குடித்தோம். வாட்ச்மேன் சொல்லிவிட்டார். மறுநாள் அப்பா ஃப்ளாஸ்க்கோடு வந்தார்.

"வூட்ல ஊத்தலன்னு கடையாண்ட போய் நிக்கறியா? இந்தா, குடி."

அன்றிலிருந்து தினமும் நான்கு மணிக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். நான் போய் காரின் பக்கத்தில் நின்று குடிக்க வேண்டும். கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். டேங்கர் ஓட்டுநர்களும் பார்ப்பார்கள்.

"இன்னா அப்பன்டா!" என்றார் அவர்களில் ஒருவர். "கால் வராதவன் பொண்ணுக்கு டீ எடுத்துகினு வந்துக்கீறான். எங்கப்பனும் கீறானே, கலீஜ்."

அப்பா என்னை அடித்ததில்லை. அடித்திருந்தால் யாரிடமாவது சொல்வதற்கு ஒன்று இருந்திருக்கும்.

அந்த மாதம் எங்கள் மேலாளர் செங்கொடி மேடம் எனக்கு ஒரு வேலை மாற்றம் சொன்னார். அத்திப்பட்டு மின்நிலையத்துக்கு வாரத்தில் நான்கு நாள் நேரில் போய் எண்ணெய் மாதிரி எடுக்க வேண்டும். லேபின் வேன் வீட்டுக்கே வரும். நாள் முழுவதும் வெளியில் இருக்கலாம். எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மேடம் அப்பாவுக்குப் போன் செய்து கேட்டார்.

"எம் பொண்ணு எவன் வண்டிலயும் குந்தாது மேடம்," என்றார் அப்பா. "என் வண்டி ஓடற வரைக்கும் என் வண்டிலதான் வரும்."

அடுத்த மாதக் கடைசி வரை யோசிக்கலாம் என்று மேடம் என்னிடம் சொன்னார். அதற்கு நான்கு நாள் கழித்து, ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில், கார் முதல் தடவையாக இழுக்காமல் நின்றது.

பாட்டிலை மதிய இடைவேளையில் பரிசோதித்தேன். எண்ணெய் கறுத்திருந்தது, பழையது, அவ்வளவுதான். பத்து லட்சத்தில் முப்பத்தெட்டு பங்கு இரும்பு. ஓடுகிற எந்தப் பெட்டியிலும் அவ்வளவு இருக்கும். எண்ணெயை மாற்றினால் அந்தக் கார் இன்னும் ஐந்து வருடம் ஓடும். ஐந்து வருடம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு முப்பத்திரண்டு வயதாகியிருக்கும்.

லேபின் தாளில், ஏற்கெனவே பரிசோதித்து முடித்த ஒரு டிரான்ஸ்பார்மரின் மாதிரி எண்ணைப் போட்டு, இரும்பு 412 என்று அடித்தேன். கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம். வெறுமையாக விட்டால் அப்பா கேட்பார். 'தரமற்ற எண்ணெய் பயன்படுத்தப்பட்டுள்ளது' என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு பாட்டிலில் மிச்சமிருந்த எண்ணெயை மூடி, தேதி ஒட்டி, அலமாரியில் வைத்தேன். எந்த மாதிரியையும் முப்பது நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கை பழக்கத்தில் அதைச் செய்துவிட்டது.

அப்பா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். இரண்டாவது தடவை அந்த எண்ணை விரலால் தொட்டுப் படித்தார்.

"நானூத்திப் பன்னெண்டு. கிரேனா இருந்தா அன்னிக்கே எறக்கிருப்பாங்க."

மறுநாள் காஜா மொய்தீனின் ஷெட்டுக்கு நானும் போனேன். அவர் தாளைப் பார்த்தார், அப்பாவின் காலைப் பார்த்தார்.

"கிளட்ச் கெட்டியா இருக்கும் அண்ணாத்த. கால் ஒத்துக்குமா?"

"முப்பத்தோரு வருசம் கிரேன் பெடல மிதிச்ச கால்ரா இது. நீ வைடா, நான் மிதிக்கறேன்."

"கோச்சுக்காத. கேக்கணும் இல்ல?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாமா சொல்ற?"

வீட்டில் அப்பா படி ஏறும்போது இடது காலைக் கையால் தூக்கித்தான் வைப்பார். அதை நான் தினமும் பார்க்கிறேன்.

"அப்பா மிதிப்பாரு," என்றேன்.

அப்பா என்னைப் பெருமையோடு பார்த்தார். அப்படிப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

மூன்றாம் நாள் காஜா மொய்தீன் என் போனுக்கு அழைத்தார்.

"பாப்பா, பழைய பாக்ஸக் கழட்டிட்டேன். அடிச்சட்டில ஒரு காந்தம் இருக்கும், இரும்புப் பொடி இருந்தா அதுலதான் ஒட்டும். தொடச்சு வெச்ச மாதிரி கீது. ரிப்போர்ட்ல இம்மாம் இரும்பு போட்டுக்கீதே?"

லேபின் வராந்தாவில் நின்றிருந்தேன்.

"எண்ணெயிலயே கரைஞ்சிருக்கும் பாய்."

இரும்பு எண்ணெயில் அப்படிக் கரையாது.

"அப்டியா? நீ படிச்ச பொண்ணு, நீ சொன்னா சரி. எனக்கு இன்னாமோ நல்ல பாக்ஸா தோணுது. மாத்தூர்ல ஒருத்தன் கேக்கறான், குடுத்துடட்டுமா?"

"குடுத்துடுங்க."

வேலை ஒன்பது நாள் நடந்தது. அந்த ஒன்பது நாளும் நான் பஸ்ஸில் போனேன். அப்பாவால் பஸ் படி ஏற முடியாது. ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தால் உட்காருவேன், இல்லையென்றால் நிற்பேன். ரூஹியோடு டீ குடித்தேன். வாட்ச்மேனைப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.

பத்தாம் நாள் காரை எடுக்கப் போனோம். உள்ளே ஆட்டோமேட்டிக்கின் அகலமான பிரேக் பெடல் இல்லை. அதன் இடத்தில் சின்னதாக ஒன்று, அதற்கு இடதுபுறம் புதிதாக இன்னொன்று. அப்பா உட்கார்ந்து, இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி அந்தப் பெடல் மேல் வைத்தார். மிதித்தார். பெடல் பாதிதான் போனது. முழங்காலின் மேல் இடது கையை வைத்து அழுத்தினார். போய்விட்டது. கையை எடுத்தால்தான் கியர் போட முடியும். கையை எடுத்ததும் கால் மேலே வந்துவிட்டது. கார் எகிறி நின்றது.

"மொதல்ல அப்டித்தான் இருக்கும்," என்றார் காஜா மொய்தீன்.

நான்காவது முயற்சியில் கார் ஷெட்டை விட்டு வெளியே வந்து, நெடுஞ்சாலையில் பாதி குறுக்கே ஏறி, அணைந்தது. பின்னால் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள். முதல் டிரெய்லர்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"யோவ் பெருசு! வண்டி ஓட்டறியா, குதிரை மேய்க்கிறியா?"

அப்பா சாவியைத் திருகினார். கார் ஒரு அடி எகிறியது. நின்றது.

"எறங்கித் தள்ளிகினு போயேன்யா! பொண்ண ஸ்டியரிங்ல குந்த வை!"

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவின் இடது கை தொடையை அழுத்திக்கொண்டிருந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. கழுத்திலிருந்து வியர்வை இறங்கி சட்டைக் காலருக்குள் போனது. நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். பரிதாபம் வரும் என்று எதிர்பார்த்தேன். இன்னும் ஒரு தடவை அணைய வேண்டும் என்றுதான் நினைத்தேன். அணைந்தது.

காஜா மொய்தீன் ஓடிவந்து, அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து, வீடு வரைக்கும் ஓட்டிவந்து விட்டார். இறங்கும்போது அப்பா அவரிடம், "பெடலு கெட்டிடா. லேசா வெச்சிருக்கலாம்," என்றார். காஜா மொய்தீன் தலையாட்டினார்.

நான் செங்கொடி மேடத்திடம் சரி என்று சொன்னேன். திங்கட்கிழமை வேன் வந்தது. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அத்திப்பட்டில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, நிலக்கரித் தூசு படிந்த டிரான்ஸ்பார்மர்களின் அடியில் குழாயைத் திறந்து பாட்டிலில் எண்ணெய் பிடித்தேன். மதியம் யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டேன். மூன்று நாள் அப்படிப் போனது.

நான் போட்டிருந்த கணக்கில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயிருந்தன. ஆட்டோமேட்டிக் காரை எங்கள் தெருவில் அப்பாவைத் தவிர யாரும் தொடமாட்டார்கள். மூன்று பெடல் வண்டியை எல்லோரும் ஓட்டுவார்கள். என் அத்தை மகன் வல்லரசு, டாக்சி கம்பெனியிலிருந்து நின்றுவிட்டுச் சும்மா இருந்தவன், புதன்கிழமை காலையிலேயே சாவியை வாங்கிக்கொண்டான்.

இரண்டாவது, 'காரணம்' கட்டம். அப்பா சண்டை போடாத கடைக்காரர் அந்தப் பக்கத்தில் கிடையாது. அந்த எண்ணெயை அவர் எட்டு மாதத்துக்கு முன்னால் தண்டையார்பேட்டையில் ராசையா என்பவரின் கடையில் வாங்கியிருந்தார். வல்லரசு ஓட்ட, தாளை எடுத்துக்கொண்டு அங்கே போயிருக்கிறார். எண்ணெயில் கலப்படம் செய்து என் பாக்ஸைக் கெடுத்துவிட்டாய் என்று பத்து பேர் முன்னால் கத்தியிருக்கிறார். ராசையா இருபது வருடமாகக் கடை வைத்திருப்பவர். தாளின் தலைப்பில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

வியாழக்கிழமை வேன் என்னை அத்திப்பட்டுக்குக் கொண்டுபோகவில்லை. லேபுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

மேடத்தின் அறையில் அப்பா உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பருத்த மனிதர், ராசையா. மேசையில் என் தாள்.

"இந்த சாம்பிள் நம்பர் ஒரு டிரான்ஸ்பார்மரோடது," என்றார் மேடம். "இது நீ அடிச்சதா மித்ரா?"

"ஆமா மேடம்."

"சாம்பிள் இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அலமாரியில் என் கையெழுத்தோடு பாட்டில் இருந்தது.

மேடம் தானே கருவியில் போட்டார். முக்கால் மணி நேரம் நாங்கள் நான்கு பேரும் கருவி ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எண் திரையில் வந்ததும் ராசையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"முப்பத்தெட்டு! பாத்தியா பெரியவரே? ஊரக் கூட்டி என் மானத்த வாங்கினியே! கலப்படம் என் எண்ணெயில இல்ல, உன் வூட்ல கீது!"

அப்பா அவரைப் பார்க்கவில்லை.

"அப்ப அந்த பாக்ஸுக்கு ஒன்னும் இல்லியா மேடம்?"

"ஆயில் மாத்தியிருந்தா போதும் சார்."

அப்பா தன் இடது காலைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் பழக்கமானதாக இருந்திருக்கும். அவர் ஒரு கணக்கைப் புரிந்துகொண்டவர் போல மெதுவாகத் தலையாட்டினார்.

ராசையாவிடம் மேடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னார்:

"சார், மித்ரா நல்ல வேலைக்காரி. நாலு வருஷத்துல ஒரு தப்பு கிடையாது. இது வெளி ஆளுக்குப் போன ரிப்போர்ட் இல்ல, எங்க வீட்டு விஷயம், புகார் எதுவும் இல்லன்னு நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்தா, நான் மெமோவோட முடிச்சுக்குவேன். ராசையாகிட்ட நான் பேசிக்கறேன்."

நான் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது எப்டி மேடம்?" என்றார் அப்பா. குரல் மரியாதையாக இருந்தது. "நான் முப்பத்தோரு வருசம் இந்த மாதிரிப் பேப்பர நம்பி கிரேன் மேல ஏறனவன். கீழ எத்தினி பேர் நிப்பான் தெரியுமா? ஒரு நம்பர மாத்திப் போட்டா கயிறு அறுந்து பத்து பேர் போயிடுவான். நாளைக்கு இது ஒரு ஆஸ்பத்திரி கரண்ட்டுக்கு இதே மாதிரி போட்டுச்சுன்னா? பொய் ரிப்போர்ட் குடுக்கறது இங்க வேலைக்கு இருக்கக்கூடாது. எம் பொண்ணா இருந்தா இன்னா?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

"பேப்பர் குடுங்க. நானே எழுதறேன்."

மேடம் தயங்கி ஒரு தாளை நகர்த்தினார். அப்பா வாங்கி, எழுத்து எழுத்தாகப் புகாரை எழுதினார். என் முழுப்பெயர், சங்கமித்ரா, தகப்பனார் பெயர் சுப்பராயன். நடுவில் நிமிர்ந்து என்னிடம், "இன்னிக்கித் தேதி இன்னா?" என்று கேட்டார்.

சொன்னேன். எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. வாட்ச்மேன் என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கேட்டுக்கு எதிரே கார் நின்றது. வல்லரசு அப்பாவைப் பின்னால் ஏற்றிவிட்டு, முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்தான்.

"வா மித்ரா, முன்னாடி குந்து. மாமா பின்னாடி கால நீட்டிக்கட்டும். இனிமே எங்க போணும்னாலும் எங்கிட்ட சொல்லு, இட்டுகினு போறேன்."

நான் சாலையோரமாக நடந்தேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கார் என் பக்கத்திலேயே, நான் நடக்கிற வேகத்தில் வந்தது. பின் ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

"நட," என்றார் அப்பா. "உனுக்குத்தான் ரெண்டு கால் கீதே."

டேங்கர்கள் தாண்டிப் போயின. வல்லரசு சலித்துக்கொள்வது எனக்கும் கேட்டது.

"மாமா, ஃபர்ஸ்ட் கியர்லயே எவ்ளோ தூரம் வுடறது? கிளட்ச் தேஞ்சிடும்."

"தேயட்டும். மாத்திக்கலாம்."

ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. கை காட்டி ஏறிக்கொண்டேன். எங்கே என்று கேட்டார் ஓட்டுநர். எனக்குத் தெரிந்த ஊர்களை எல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டு எர்ணாவூர் என்றேன். உள்ளே ஏற்கெனவே ஐந்து பெண்கள். மீன் கூடை வைத்திருந்த அம்மா நகர்ந்து பாதி இடம் கொடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாமே, அந்த வெள்ளக் காரு நம்ம பின்னாடியே வந்துகினுகீது? எவனாவது பேஜாரு பண்றானா? சொல்லு, கூடையாலயே போடறேன்."

மற்ற பெண்களும் திரும்பினார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றக் குனிந்தாள்.

"எங்கப்பா," என்றேன்.

"அப்பாவா?" மீன்கூடை அம்மாவின் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்து அழுத்தினார். "அடிப் பைத்தியமே, கோச்சுகினு வந்துட்டியா? வெயில்ல பொண்ணு போவுதேன்னு பெத்த மனசு பின்னாடியே வருது பாரு. இதுல குந்தி எதுக்கு நசுங்கற? யப்பா டிரைவர், ஓரமா நிறுத்து. பொண்ணு எறங்கணும்."

வேண்டாம் என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆட்டோ நின்றது. ஐந்து பேரும் காலை ஒடுக்கிக்கொண்டு நான் இறங்க வழிவிட்டார்கள்.